ஒரு லோடு ரப்பிஷ் எங்கே போகிறது? திருச்சியின் கட்டடக் கழிவும் சட்டம் கவனிக்காத சின்ன வீடுகளும்

பெரிய மறுசுழற்சி ஆலை எப்போது வரும் என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் வீடு இடிப்பவர் நாளைக் காலை அந்த இடிபாட்டை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்?

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலோ உத்திர வீதியிலோ ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருபவர் பழைய சாமான் வியாபாரி. தேக்குத் தூண், நிலை, கதவு, ஜன்னல், உத்தரம் எல்லாம் விலை பேசி எடுத்துப் போவார். அடுத்தது இரும்பு: கிரில், பைப், கம்பி. உடையாத செங்கல்லுக்கும் நாட்டு ஓட்டுக்கும்கூட ஆள் உண்டு. கடைசியில் மிஞ்சுவது காரை, உடைந்த செங்கல், சிமென்ட் பூச்சு, தரை ஓட்டுத் துண்டு, மண். கட்டடத் தொழிலில் இதற்குப் பெயர் ‘ரப்பிஷ்’.

இதற்கு மட்டும் யாரும் விலை கேட்பதில்லை. வீட்டுக்காரர்தான் பணம் கொடுத்து அனுப்ப வேண்டும். மேஸ்திரியிடம் கேட்டால், “லோடுக்கு இவ்வளவு ஆகும் சார், நான் பாத்துக்கறேன்” என்பார். திருச்சியின் கட்டடக் கழிவுப் பிரச்சினை மொத்தமும் அந்த ‘பாத்துக்கறேன்’ என்ற ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிடும். லோடு எங்கே போகிறது என்று வீட்டுக்காரர் கேட்பதில்லை. மேஸ்திரி சொல்வதும் இல்லை. சில நாள் கழித்து கொள்ளிடக் கரையில் ஒரு புதுக் குவியல் தெரியும். அது யாருடையது என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

இதற்குத் தீர்வு என்று பேசப்படுவது பெரும்பாலும் பெரிய ஆலை, பெரிய அபராதம், பெரிய பில்டர்கள் மீது நடவடிக்கை. மூன்றும் வேண்டியவைதான். ஆனால் திருச்சி மாதிரி ஒரு நகரத்தில் இடிபாடு அதிகம் கிளம்புவது சின்ன வீடுகளிலிருந்து. அந்தச் சின்ன லோடுக்கு ஒரு இடம், ஒரு விலை, ஒரு ரசீது இல்லாதவரை மற்ற எல்லாமே காகிதத்தில்தான் இருக்கும்.

அரியமங்கலம் சொல்லும் கணக்கு

திருச்சி – தஞ்சாவூர் சாலையில் போனவர்களுக்கு அரியமங்கலம் குப்பைக் கிடங்கை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சுமார் 47 ஏக்கர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நகரத்தின் குப்பை வந்து சேர்ந்த இடம். கோடையில் தீப்பிடித்தால் புகை நெடுஞ்சாலை வரை வரும், சுற்றியிருக்கும் வீடுகளுக்குள்ளும் போகும்.

அங்கே தேங்கிய பழைய குப்பை சுமார் 7.59 லட்சம் கன மீட்டர் என்று கணக்கிடப்பட்டது. 47 ஏக்கர் முழுக்கச் சமமாகப் பரப்பினால் சுமார் 4 மீட்டர் உயரம் வரும், அதாவது ஒரு மாடி வீட்டைவிடக் கொஞ்சம் அதிகம். இதைத் தோண்டிப் பிரித்து எடுக்க ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 49 கோடி ரூபாய் செலவில் ‘பயோமைனிங்’ வேலை தொடங்கப்பட்டது.

பயோமைனிங் என்பது இதுதான். பழைய குப்பையைக் கிளறி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, ஈரம் குறைந்ததும் சுழலும் சல்லடைகளில் போட்டுச் சலிப்பார்கள். மக்கிய மண் ஒரு பக்கம் வரும். பிளாஸ்டிக், துணி மாதிரி எரியக்கூடியவை இன்னொரு பக்கம். அவற்றை சிமென்ட் ஆலைகளில் எரிபொருளாகப் பயன்படுத்தலாம். டால்மியாபுரமும் அரியலூரும் பக்கத்தில் இருப்பது இந்த விஷயத்தில் திருச்சிக்கு வசதி. மூன்றாவதாக வருவது கல், கான்கிரீட், செங்கல். இது மக்காது, எரியாது. சல்லடைக்கும் இயந்திரத்துக்கும் இதுதான் பெரிய தொல்லை.

இப்போது ஒரு சின்ன வகுத்தல். 49 கோடியை 7.59 லட்சத்தால் வகுத்தால், ஒரு கன மீட்டர் பழைய குப்பையை அகற்ற சுமார் 645 ரூபாய். ஒரு சாதாரண வீட்டின் இடிபாடு 25 முதல் 30 கன மீட்டர் வரை வரும். அது கிடங்கில் கலந்துவிட்டால், பின்னாளில் எடுக்க 16,000 முதல் 19,000 ரூபாய் வரை ஆகும். தோராயக் கணக்குதான். ஆனாலும் அந்தப் பணம் யாருடையது என்பதில் சந்தேகம் இல்லை. இடித்த வீட்டுக்காரர் அதைக் கொடுக்கப்போவதில்லை. வரி கட்டும் மொத்த ஊரும் கொடுக்கும்.

குப்பைக் கிடங்கின் ‘கொள்ளளவு’ என்பது தரைப் பரப்பு மட்டும் அல்ல. கொட்டுவதற்கு மிச்சமிருக்கும் காலி இடம், அதாவது நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்தது. காய்கறிக் கழிவு மக்கி அளவில் சுருங்கும். கான்கிரீட் சுருங்காது. இன்று பிடித்த இடத்தை ஐம்பது வருஷம் கழித்தும் பிடித்துக்கொண்டே இருக்கும். மறுபடி பயன்படுத்தக்கூடிய ஒரு பொருளுக்கு நகரத்தின் மிக விலை உயர்ந்த இடத்தைக் கொடுப்பது நஷ்ட வியாபாரம்.

ஒரு வீடு, எத்தனை டன்?

மத்திய அரசின் தொழில்நுட்பத் தகவல் மற்றும் மதிப்பீட்டு அமைப்பான டைஃபாக், 2001-லேயே ஒரு வாய்ப்பாடு கொடுத்தது. புதுக் கட்டுமானத்தில் சதுர மீட்டருக்கு 40 முதல் 60 கிலோ கழிவு வரும். கட்டடத்தை இடித்தால் சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ. இந்த வாய்ப்பாட்டின்படி 1,000 சதுர அடி வீட்டை, அதாவது சுமார் 93 சதுர மீட்டரை, இடித்தால் 28 முதல் 46 டன் கிடைக்கும். குறுகலான தெருவுக்குள் டிப்பர் வராவிட்டால் ‘குட்டி யானை’ வண்டிகள் பலமுறை போய் வர வேண்டியிருக்கும்.

தில்லை நகர், உறையூர், தென்னூர், கே.கே. நகர், திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் என்று எங்கே பார்த்தாலும் நடப்பது ஒரே கதைதான். எழுபதுகளிலோ எண்பதுகளிலோ கட்டிய தனி வீடு இடிக்கப்படும். அந்த இடத்தில் மூன்று மாடி, ஆறு ஃபிளாட். பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். அப்பா அம்மாவுக்கு ஒரு ஃபிளாட், மீதி விற்பனைக்கு. ‘ஜாயின்ட் வென்ச்சர்’ என்பது இன்று நடுத்தரக் குடும்பத்தின் சாதாரணப் பேச்சு. ஒப்பந்தத்தில் சதுர அடி, லிஃப்ட், கார் பார்க்கிங், டைல்ஸ் பிராண்ட் வரை எல்லாம் இருக்கும். இடிபாடு எங்கே போகும் என்பதற்கு ஒரு வரியைப் பார்ப்பது அபூர்வம்.

தேச அளவிலும் கணக்கு இப்படித்தான். இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 15 கோடி டன் கட்டடக் கழிவு உருவாவதாக மத்திய அரசின் கட்டடப் பொருள் தொழில்நுட்ப ஊக்குவிப்புக் கவுன்சில் மதிப்பிட்டது. அதில் மறுசுழற்சி ஆவது ஒரு சதவீதம் அளவுக்குத்தான் என்று அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020-ல் சுட்டிக்காட்டியது.

சட்டம் யாரைப் பார்க்கிறது?

சட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கட்டடக் கழிவுக்கென்றே தனி விதிகள் 2016 மார்ச்சில் வந்தன. ஒரு நாளில் 20 டன்னோ ஒரு மாதத்தில் ஒரே திட்டத்தில் 300 டன்னோ கழிவு உருவாக்குபவர்கள், கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என்று நாலாகப் பிரிக்க வேண்டும். மேலாண்மைத் திட்டம் சமர்ப்பித்து உள்ளாட்சியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். கட்டணமும் கட்ட வேண்டும் என்றன அந்த விதிகள்.

டைஃபாக் வாய்ப்பாட்டை வைத்துப் பார்த்தால், 300 டன் என்பது சுமார் 6,500 முதல் 10,700 சதுர அடி வரையிலான கட்டடத்தின் இடிபாடு. 1,000 சதுர அடி வீடு அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே வராது. ஒரு நாளைக்கு 20 டன் என்ற இன்னொரு கோடு? ஜேசிபி வைத்து ஒரே நாளில் இடித்தால் தாண்டலாம். சந்து பொந்துகளில் ஆள் வைத்து ஒரு வாரம் இடித்தால் தொடாது.

புதிய விதிகள் 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டன. 2026 ஏப்ரல் 1 அமலுக்கு வரும் தேதி. பிளாஸ்டிக் கம்பெனிகளுக்கு இருப்பதுபோல ‘உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு’ இதில் கட்டடத் திட்டங்களுக்கும் வருகிறது. நல்ல விஷயம். ஆனால் அந்தப் பொறுப்பு 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட திட்டங்களுக்குத்தான். சதுர அடியில் சொன்னால் சுமார் 2.15 லட்சம், அதாவது ஆயிரம் சதுர அடி வீடுகள் 215 சேர்ந்த அளவு. குருகிராமுக்கும் மும்பைக்கும் இது பொருந்தலாம். உறையூரில் இந்தச் சல்லடையில் எத்தனை கட்டடம் சிக்கும்?

இங்கே ஜப்பானைப் பார்க்கலாம். 2000-ல் இயற்றி 2002-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்த அந்நாட்டின் கட்டுமானப் பொருள் மறுசுழற்சிச் சட்டம், 80 சதுர மீட்டர் கட்டடத்தை இடித்தாலே கழிவைப் பிரிக்க வேண்டும் என்கிறது. சுமார் 860 சதுர அடி. நம்மூர் கணக்கில் ஒரு டூ பெட்ரூம் வீடு. அங்கே கான்கிரீட் கழிவு கிட்டத்தட்ட முழுவதுமே மறுபயன்பாட்டுக்குப் போகிறது. ஜப்பானியர்களின் ஒழுக்கம் என்று சொல்லி இதைக் கடந்துவிடக் கூடாது. சட்டத்தின் கோடு எங்கே போடப்பட்டது என்பதும் சேர்ந்துதான் அந்த முடிவு வந்தது.

இந்திய விதிகளில் சின்ன வீடுகளுக்கு விலக்கு என்று எதுவும் இல்லை. கண்ட இடத்தில் கொட்டக் கூடாது என்பது எல்லோருக்கும் பொருந்தும். ஆனால் அவர்களிடமிருந்து கழிவைச் சேகரிக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பு உள்ளாட்சியுடையது. ஆகவே திருச்சியில் இந்த விதிகள் ஜெயிக்குமா தோற்குமா என்பதை முடிவு செய்யப்போவது டெல்லி அரசிதழ் இல்லை. மாநகராட்சி வார்டில் என்ன ஏற்பாடு செய்கிறது என்பதுதான்.

ஆற்றங்கரை ஏன் ஈஸியாகத் தெரிகிறது?

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். அங்கிருந்து அரியமங்கலத்துக்கு ஒரு லோடு போக வேண்டும் என்றால் மாம்பழச்சாலை, காவிரிப் பாலம், காந்தி மார்க்கெட் பக்கத்து நெரிசல் எல்லாம் தாண்டி சுமார் 10 கிலோமீட்டர். கொள்ளிடக் கரை சில நிமிஷத் தூரத்தில் இருக்கிறது. லோடுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசியிருக்கும் டிரைவருக்கு, தூரம் குறையக் குறைய லாபம். இதில் அவர் கெட்டவரா நல்லவரா என்ற கேள்விக்கே இடமில்லை. வாடகையும் டீசலும் சேர்ந்து அவரை ஆற்றுப் பக்கம் தள்ளுகின்றன.

கொள்ளிடக் கரையிலும் உய்யக்கொண்டான் ஓரத்திலும் கோரையாற்றுப் பக்கமும் இடிபாடு கொட்டப்படுவது பல வருஷமாக வந்துகொண்டிருக்கும் புகார். சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்கால் நகரத்துக்கு நடுவே ஓடுகிறது. பாசனத்துக்கும் அதுதான், மழைத் தண்ணீர் வடிவதற்கும் அதுதான். அதன் ஓரத்தில் விழும் ஒவ்வொரு லோடும் தண்ணீர் போகும் அகலத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. 2005 வெள்ளத்தில் கோரையாறும் குடமுருட்டியும் ஊருக்குள் வந்ததை மறக்காத குடும்பங்கள் திருச்சியில் நிறைய உண்டு. வெள்ளத்துக்குக் கட்டடக் கழிவு மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் போகும் வழியைக் கல்லால் அடைத்துவிட்டு, அடுத்த மழையில் மோட்டார் வைத்து இறைப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது.

ஸ்ரீரங்கம் ரங்கநாதசுவாமி கோயிலின் புனரமைப்புக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. பழைய மழைநீர் வடிகால் அமைப்பை மீட்டதும் அந்த வேலையின் ஒரு பகுதி. கோயிலுக்குள் தண்ணீருக்கு வழிவிட்ட அதே ஊர், மதிலுக்கு வெளியே வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. மணலை ஆற்றிலிருந்து அள்ளி வீடு கட்டி, வீட்டை இடித்து அதே ஆற்றங்கரையில் போடுகிறது.

ரப்பிஷ் போகும் இன்னொரு இடமும் இருக்கிறது: பள்ளமான மனைகள். வயலாகவும் வாழைத் தோப்பாகவும் இருந்த இடத்தில் பிளாட் போட்டால் முதலில் மேடாக்க வேண்டும். இதில் ஒரு பகுதி நியாயமான மறுபயன்பாடுதான், அஸ்திவாரத்துக்குள் செங்கல் துண்டு போவதில் தப்பில்லை. சிக்கல் வருவது பாசன வாய்க்காலும் தாழ்வான நீர்ப்பிடிப்பும் சேர்ந்து மூடப்படும்போது. எந்த லோடு எந்த மனைக்குப் போனது என்று பதிவே இல்லை என்றால், இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

காய்கறிக் கழிவுக்கு முடிந்தது, காரைக்கு முடியாதா?

இதற்கு விடை தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். 2016 ஸ்வச் சர்வேக்ஷன் தரவரிசையில் திருச்சி நாட்டிலேயே மூன்றாம் இடம், 2017-ல் ஆறாம் இடம். அந்த ஆண்டுகளில் நகரம் செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று, மக்கும் குப்பையை எல்லாம் அரியமங்கலத்துக்கு ஏற்றிச் செல்வதைக் குறைத்து, அந்தந்தப் பகுதியிலேயே நுண் உர மையங்கள் அமைத்தது. வீட்டு வாசலில் பிரித்து வாங்கு, பக்கத்திலேயே உரமாக்கு. ஐடியா சிம்பிள். குப்பை பயணம் செய்யும் தூரத்தைக் குறைத்ததுதான் அதன் பலம்.

கட்டடக் கழிவுக்கும் இதே மாதிரி வேண்டும். திருச்சி மாநகராட்சிக்கு 65 வார்டுகள், ஐந்து மண்டலங்கள். மண்டலத்துக்கு ஒன்றிரண்டு சேகரிப்பு மையங்கள், அதில் ஒன்று கட்டாயமாக ஸ்ரீரங்கம் தீவுக்குள்ளேயே. ஆற்றுப் படுகையிலிருந்து தள்ளி, வேலி போட்டு, தூசு பறக்காமல் தண்ணீர் தெளிக்கும் வசதியோடு. ஒரு எடைமேடை, ஒரு ஆள், ஒரு கியூஆர் கோடு ரசீது. அங்கே சேர்ந்ததை மொத்தமாகப் பெரிய லாரியில் ஏற்றிப் பதப்படுத்தும் இடத்துக்கு அனுப்புவது மாநகராட்சியின் வேலை. பாத்ரூம் டைல்ஸ் மாற்றியவர் பத்து இருபது சாக்கு கொண்டுவந்தால் இலவசமாகவே வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சாக்குகள் தெருமுனைக் குப்பைத் தொட்டிப் பக்கம் போய் உட்காருவதைவிட அது மலிவு.

சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நாளுக்குத் தலா 400 டன் கையாளும் ஆலைகள் வந்தன. அந்த அளவுக்குத் திருச்சி உடனே போக வேண்டியதில்லை. நடமாடும் கிரஷர் ஒன்றை மையம் மாற்றி மையம் கொண்டுபோய் உடைக்கலாம். ஆனால் ஆலையோ கிரஷரோ எதுவானாலும், சரக்கு வந்தால்தான் ஓடும். சரக்கு வர வேண்டும் என்றால், கொடுப்பது கொட்டுவதைவிட ஈஸியாக இருக்க வேண்டும்.

முன்பணம் வாங்கு, ரசீது காட்டினால் திருப்பிக் கொடு

பிடித்து அபராதம் போடுவதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். லோடு ராத்திரியில் போகும். ஒவ்வொரு கரையிலும் ஒவ்வொரு ராத்திரியும் ஆள் நிறுத்த எந்த மாநகராட்சியாலும் முடியாது.

அதற்குப் பதில், கட்டட அனுமதி கேட்கும் இடத்திலேயே பிடிக்கலாம். தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை இருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, ஆன்லைனில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி வாங்கலாம். அலையாமல் வேலை முடிவது மக்களுக்குப் பெரிய வசதி. ஆனால் முன்கூட்டியே யாரும் நேரில் வந்து பார்க்காததால், மனையில் இருக்கும் பழைய வீட்டைப் பற்றிக் கேட்கவும் ஆள் இல்லை.

அந்தப் படிவத்திலேயே ஒரு கேள்வி சேர்க்கலாம்: பழைய கட்டடம் இருக்கிறதா, எத்தனை சதுர அடி? சதுர அடி தெரிந்தால் எத்தனை டன் என்பது தானாகவே கணக்காகும். அதற்கு ஏற்ற முன்பணத்தைக் கட்டச் சொல்லலாம். சேகரிப்பு மையத்தின் எடை ரசீதைப் பதிவேற்றினால், கையாளும் கட்டணம் போக மீதிப் பணம் அக்கவுன்ட்டுக்குத் திரும்பிவிடும். ரசீது இல்லையா? பணமும் இல்லை. அப்புறம் பாருங்கள், “லோடு எங்கே போச்சு, ரசீது எங்கே?” என்று மேஸ்திரியிடம் கேட்கப்போவது அதிகாரி இல்லை, வீட்டுக்காரர்.

விலையை வைத்தே வழி காட்டலாம் என்பதற்கு ஹாங்காங் உதாரணம். 2006 ஜனவரியிலிருந்து அங்கே கட்டடக் கழிவுக்குக் கட்டணம். குப்பைக் கிடங்குக்குக் கொண்டுவந்தால் டன்னுக்கு 125 ஹாங்காங் டாலர். பிரித்துச் சுத்தமான கல்-மண்ணாக நிரப்பு மையத்தில் கொடுத்தால் வெறும் 27 டாலர். பிரித்தால் மலிவு, கலந்தால் தண்டம். பின்னாளில் கட்டணங்கள் உயர்த்தப்பட்டன, ஆனாலும் பிரித்துக் கொடுப்பதே மலிவாக இருந்தது. திருட்டுத்தனமாகக் கொட்டுவது அங்கேயும் ஒழிந்துவிடவில்லை. அதனால்தான் கட்டணம் மட்டும் போதாது, முன்பணமும் ரசீதும் சேர்ந்தே வர வேண்டும்.

சரி, இதை யார் வாங்குவார்கள்?

மறுசுழற்சி ஜல்லி என்றதும் எஞ்சினியர்கள் முகம் சுளிப்பார்கள். வீட்டுக்காரர்கள் இன்னும் அதிகமாக. தயக்கம் புரியக்கூடியதுதான். ஆனால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 383, 2016-லேயே இதற்கு அளவு சொல்லிவிட்டது. கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லியை, கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை சேர்க்கலாம். கம்பி போட்ட கான்கிரீட்டில் எம் 25 தரம் வரைக்கும் 20 சதவீதம். அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் லீன் கான்கிரீட்டில் 100 சதவீதமும் போடலாம். தூணும் பீமும் வேண்டாம் என்றால்கூட, பேவர் பிளாக், நடைபாதைக் கல், சாலையின் அடித்தளம், பள்ளம் நிரப்புவது என்று வேலை நிறைய இருக்கிறது.

இது தமிழ்நாட்டுக்குப் புதுசும் இல்லை. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே தட்டோடு பதித்தார்கள். செங்கல் பொடியை ‘சுர்க்கி’ என்று காரையில் சேர்த்தார்கள். உடைந்த செங்கல் அவர்கள் கையில் கட்டுமானப் பொருளாகவே இருந்தது. அதைக் குப்பை ஆக்கியது பின்னால் வந்த பழக்கம்.

டெல்லியின் புராரியில் நாட்டின் முதல் கட்டடக் கழிவு ஆலை 2009-ல் தொடங்கியது. அங்கே கழிவு வருவதைவிடப் பெரிய பிரச்சினை, செய்த கல்லை வாங்க ஆள் இல்லாதது. அரசு வேலைகளில் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவு வந்த பிறகே விற்பனை நகர்ந்தது. 2016 விதிகளும் மாநகராட்சி, அரசு ஒப்பந்தங்களில் 10 முதல் 20 சதவீதம் இப்படிப்பட்ட பொருளை வாங்கச் சொல்லியிருந்தன.

திருச்சியில் வேலைக்கா பஞ்சம்? பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெருக்களுக்கு மறுபடி சாலை போட வேண்டும். நடைபாதை, பூங்கா, வடிகால் ஓரம் எல்லாவற்றுக்கும் கல் வேண்டும். 2025 ஏப்ரலில் கனிம நில வரி வந்ததும் எம்-சாண்ட், ஜல்லி விலை ஏறி, தமிழ்நாடு முழுக்கக் கட்டுமான வேலைகள் தடுமாறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். மலையை உடைத்து வரும் ஜல்லி விலை ஏற ஏற, வீட்டை உடைத்து வரும் ஜல்லி லாபம் தரும். மாநகராட்சி தன் டெண்டர்களில் ஒரு வரி சேர்த்தால் போதும். முதல் வாடிக்கையாளர் அதுவாகவே இருக்கட்டும்.

“நடுத்தர வர்க்கத்துக்கு இன்னொரு செலவா?”

இந்தக் கேள்வி நியாயமானது. வீடு கட்டுபவர் ஏற்கெனவே கடனில் இருப்பார். ஆனால் ரப்பிஷ் அப்புறப்படுத்தும் செலவு புதிதாக வரப்போவது இல்லை, இன்றும் லோடுக்கு இவ்வளவு என்று கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்தப் பணம் ஆற்றங்கரைக்குப் போகிறதா சேகரிப்பு மையத்துக்குப் போகிறதா என்பதுதான் வித்தியாசம். மையம் பக்கத்தில் இருந்தால் வண்டி வாடகையும் ஏறாது. முன்பணத்தில் பெரும் பகுதி திரும்பி வந்துவிடும்.

ஆள் பற்றாக்குறை என்ற பதிலும் வரும். தெருமுனையிலும் வாய்க்கால் ஓரத்திலும் கிடக்கும் இடிபாட்டை ஜேசிபி வைத்து அள்ளுவதும் ஆள், டீசல், பணம்தான். அந்த வேலைக்கு ரசீது கேட்பவர் இல்லாததால் அது செலவாகக் கண்ணில் படுவதில்லை.

சின்ன டிப்பர், குட்டி யானை ஓட்டுநர்களின் கவலையையும் கேட்க வேண்டும். அவர்களை ஒதுக்கிவிட்டு ஒரே பெரிய ஒப்பந்தக்காரரிடம் மொத்த வேலையையும் கொடுத்தால், பிழைப்பு போனவர்கள் மறுபடி ராத்திரி லோடுக்குத்தான் போவார்கள். மாநகராட்சியில் பதிவு செய்த வண்டிகள் என்று ஒரு பட்டியல் போட்டு, அவர்களையே இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவருவதுதான் புத்திசாலித்தனம். எந்தச் சந்தில் எந்த வண்டி போகும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

கையெழுத்துப் போடும் முன்

மாநகராட்சி இதையெல்லாம் செய்யும்வரை வீட்டுக்காரர்கள் சும்மா இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பில்டரோடு ஒப்பந்தம் போடும்போது மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்கலாம். இடிபாடு எங்கே போகும், எத்தனை லோடு, ஒவ்வொரு லோடுக்கும் சீட்டு உண்டா? இடிக்கும்போதே மரம், இரும்பு, செங்கல், கான்கிரீட்டைத் தனித்தனியாகக் குவிக்கச் சொல்லலாம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதை உடைக்காமல் தனியாக எடுக்க வேண்டும், அதன் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. டைல்ஸ் பிராண்டுக்குச் செலவழிக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

ஆனால் பொறுப்பு முழுவதையும் தனிமனிதர் தலையில் வைத்துவிட்டு மாநகராட்சி ஒதுங்க முடியாது. எவ்வளவு அக்கறை உள்ள வீட்டுக்காரராக இருந்தாலும், கொண்டுபோய்க் கொடுக்கப் பக்கத்தில் இடம் இல்லை என்றால் கடைசியில் அவரும் மேஸ்திரியின் ‘பாத்துக்கறேன்’ என்ற வார்த்தைக்குத்தான் வந்து நிற்பார்.

அரியமங்கலத்தில் அரை நூற்றாண்டுக் குப்பையைக் காலி செய்ய நகரம் கோடிக்கணக்கில் செலவழித்திருக்கிறது. மீண்ட நிலத்தில் என்ன செய்யலாம் என்ற பேச்சு தொடரட்டும். அதோடு அடுத்த பட்ஜெட்டில் ஐந்து மண்டலங்களுக்கும் ஐந்து எடைமேடைகளுக்குப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்றும் கவுன்சிலர்களிடம் கேட்க வேண்டும். முதல் எடைமேடை ஸ்ரீரங்கத்தில் வரட்டும்.